பஸ்கார வேதவல்லி நாடோர் போன கதை

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் வேதவல்லியைத் தெரியாத தமிழர் இல்லை. தெரியாது என்று யாராவது சொன்னால், ஒன்றில் அவர் போன கிழமைதான் விமானத்தால் இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டியிருக்க வேண்டும். இரண்டு தட்டுச் சிவப்பு பஸ் ஓட்டுகிறவள். ஆள் பார்த்தால் ஒரு கைப்பிடி. அந்தப் பெரிய ஸ்டியரிங்குக்குப் பின்னால் தலை மட்டும்தான் தெரியும். நெற்றியில் ரூபாய்க் குத்தி அளவில் ஒரு சிவப்புப் பொட்டும் தெரியும். அந்தப் பொட்டைக் கண்டுவிட்டு, நம்முடைய ஆள்தானே என்று கார்டைத் தட்டாமல் உள்ளே நழுவப் பார்த்த பெரியமனிதர்கள் உண்டு.

“தங்கச்சி, அடுத்த ஸ்டொப்தானே. எங்களுக்குள்ள என்ன?” என்று இளிப்பார்கள்.

“எங்கட ஆள் எண்டுறதாலதான் எனக்கு வெக்கமாயிருக்கு. கார்டைத் தட்டுங்கோ அண்ணை, இல்லையெண்டால் இறங்குங்கோ. பஸ் என்ர சீதனமில்லை.”

அவர் தட்டும்வரை பஸ் நகராது. பின்னால் நிற்கிற வெள்ளைக்காரக் கிழவி புறுபுறுப்பாள், மேல்தட்டுப் பொடியன்கள் கத்துவார்கள், வேதவல்லி அசையமாட்டாள். மூக்குக்கு மேல் கோபம் என்று சனம் சொல்லும். புருசன் இல்லாத வீட்டுக் கோபம் என்று கோயில் சமையற்கட்டுக்குள் இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லும். அவளுக்குக் காது நல்லாய்க் கேட்கும். பஸ்ஸின் பின் சீட்டில் யார் வாழைப்பழத் தோலைக் கீழே போட்டாலும் கண்டுபிடிக்கிற மனுசிக்கு, நாலு பொம்பிளைகள் சாம்பாருக்கு மரக்கறி வெட்டிக்கொண்டு குசுகுசுக்கிறது கேட்காதா?

ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு வேர் இருந்தது. அதைத்தான் ஒருவரும் தோண்டிப் பார்க்கவில்லை. சட்டனிலோ பிளேஸ்டோவிலோ ஒரு கல்யாணம் என்று வையுங்கள். மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டார். “ஆலாத்தி எடுக்க ரெண்டு பேர் வாங்கோ” என்று ஐயர் கூப்பிடுவார். பெண்வீட்டுக்காரி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பாள். அவளுடைய கண் வேதவல்லியின் பொட்டில் வந்து ஒரு கணம் நிற்கும், பிறகு தாண்டிப் போகும், ‘சேவையில் இல்லை’ என்று பலகை போட்ட பஸ்ஸைப் பார்த்தது போல. புருசன் இருக்கிறான் என்றால் ஆளைக் காட்ட வேண்டும். இல்லை என்றால் பொட்டை அழிக்க வேண்டும். இரண்டுமில்லாமல் ஒருத்தி பட்டுச்சேலையோடு வந்து முன்வரிசையில் இருந்தால் சனத்துக்குச் சோறு செமிக்காது. இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக அவள் அப்படித்தான் முன்வரிசையில் இருந்தாள். வேண்டுமென்றேதான் முன்வரிசை.

அவளுடைய புருசன் குகதாசன். இருவரும் ஊரைவிட்டு ஒன்றாகத்தான் வெளிக்கிட்டார்கள். களவாய் ஆள் ஏற்றுகிற ஏஜென்சிக்காரன் அவர்களை மேற்கு ஆபிரிக்காவில், டக்கார் என்ற ஊரில் ஒரு வீட்டுக்குள் மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தான். ஒரு நாள் வந்து, “ஒரு புத்தகம்தான் கிடைச்சது, பொம்பிளைப் புத்தகம்” என்றான். பாஸ்போர்ட்டைத்தான் அவர்கள் புத்தகம் என்பார்கள். வேதவல்லி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். நீ முதலில் போ, நான் பின்னால் வருகிறேன் என்று குகதாசன் அவளை விமானத்தில் ஏற்றிவிட்டான். அவனைத் தரைவழியாகத்தான் அனுப்பினார்கள். மணலுக்குள்ளால், லொறித் தறப்பாளுக்குக் கீழே, மொரோக்கோவின் வடக்கு மூலை வரைக்கும். அந்த மூலையில் நாடோர் என்றொரு பட்டினம். அங்கிருந்து கடலால் ஸ்பெயினுக்கு ஏற்றுவார்கள்.

லண்டனில் வேதவல்லி வந்து இறங்கியது குகதாசனின் தமையன் வாமதேவன் வீட்டில். அத்தான் என்று கூப்பிடுவாள். அவர் முதலே வந்து, காலூன்றி, கோயில் கமிட்டியிலும் ஏறிவிட்ட மனிதர். லண்டனில் நம்முடைய சனத்துக்குள் ஒரு விசயம் அவரைக் கேளாமல் நடக்காது. அவருடைய வாயில் எப்போதும் ஒரு சொல் இருக்கும்: “பாப்பம்.” அது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. கேட்டவன் களைத்துப்போய்த் திரும்புகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

குகதாசன் நாடோரில் ஒரு போன் கடையிலிருந்து எடுப்பான். “தபால் கந்தோருக்கு எதிர்ப்பக்கம், கடற்கரைக்கு இறங்கிற தெருவில, மூலைக் கடை. கண்ணாடிக் கூண்டுக்குள்ள நிண்டு கதைக்கிறன். வெளியில ரெண்டு பேர் கண்ணாடியைத் தட்டினம்” என்பான். அவ்வளவையும் அவள் நெஞ்சுக்குள் எழுதி வைத்திருந்தாள். பிறகு கம்சிகா பிறந்தாள். பிள்ளைப்பேற்றுத் துடக்கு, தீட்டு என்று தாயையும் பிள்ளையையும் மேல்மாடி அறைக்குள் விட்டுவிட்டார்கள். போன் கீழே ஹோலில், சாமிப்படத்துக்குக் கீழே. ஒரு பகல் போன் அடித்தது அவளுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அத்தான் படியேறி வந்து, வாசலுக்கு வெளியே நின்றபடியே சொன்னார்.

“குகன் எடுத்தவன். சுகமாய் இருக்கிறானாம். லைன் அறுந்து போச்சு.”

“பிள்ளை பிறந்தது சொன்னனீங்களோ?”

“சொன்னனான். சந்தோசப்பட்டவன்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு போன் இல்லை. ஒரு போட் வெளிக்கிட்டது என்றார்கள், சிலபேர் பிடிபட்டார்கள் என்றார்கள், ஏஜென்சிக்காரன் ஆளே இல்லாமல் போனான். வேதவல்லி எத்தனையோ தரம் கேட்டாள். வேறென்ன சொன்னவர்? பிள்ளைக்கு என்ன பேர் வைக்கச் சொன்னவர்? ஏறப்போறன் எண்டு சொன்னவரோ? ஒவ்வொரு தரமும் அதே பதில்தான்: சுகமாய் இருக்கிறானாம், லைன் அறுந்து போச்சு. விசா கையில் வந்தவுடன் நாடோருக்குப் போய்ப் பார்ப்பம் என்றாள். பாப்பம் என்றார். பாஸ்போர்ட் வந்த பிறகும் பாப்பம். பிள்ளை வளர்ந்தாள். இவள் துப்புரவு வேலை செய்து, பிறகு பஸ் பழகி, தனி வீடு எடுத்துப் போனாள். “பொம்பிளை பஸ் ஓடுறதோ, குடும்பத்துக்கு வெக்கம்” என்று முதலில் குதித்தவரும் அத்தான்தான். பிறகு கோயில் சனத்தைத் தேர்த் திருவிழாவுக்கு ஏற்றி இறக்க வான் வண்டி ஓட ஆள் தேடினபோது, “எங்கட வேதா இருக்கிறாதானே” என்றவரும் அவர்தான். தேவைக்கு அத்தை மகள், தேவையில்லாட்டி ஆரோ மகள்!

இந்த வருசம் வாமதேவன் வேலையால் ஓய்வெடுத்தார். அதைக் கொண்டாட, மகன் யனுஷன் மொரோக்கோவைச் சுற்ற ஒரு பிளான் போட்டான். மராகெஷ், பாலைவனம், ஃபெஸ், பிறகு வீடெல்லாம் நீலம் பூசின ஒரு மலைப்பட்டினம். ஒரு பெரிய வான் வாடகைக்கு. அங்கே அகப்பட்டது கியர் போடுகிற வான். யனுஷனுக்கும் கம்சிகாவுக்கும் ஓட்டோமற்றிக் லைசென்ஸ். வாமதேவனுக்குக் கண்ணில் புரை. அவருடைய மனைவி கலாவதி கார்க் கதவைத் திறக்கவே மற்றவரைப் பார்க்கிறவள். ஆக, ஆரைக் கூப்பிடுவது? ஓய்வு அவருக்கு, ஓட்டம் இவளுக்கு.

மொரோக்கோ என்ற சொல்லை வாமதேவன் போனில் எப்படி அவளிடம் அவ்வளவு இலேசாகச் சொன்னார்? நாக்குக் கூசவில்லையா? வேதவல்லி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். பிறகு சொன்னாள்.

“ஓடுறன். ஆனா நாடோர் போகவேணும். கம்சிக்குக் கலியாணம் வருது. அதுக்கு முதல் நான் அந்தக் கடையில ஒருக்கா நிக்கவேணும். ஏலாது எண்டால் இப்பவே சொல்லுங்கோ.”

“பாப்பம், பாப்பம்.”

“பாப்பம் இல்லை அத்தான். ஓமோ, இல்லையோ?”

“ஓம், சரி, ஓம்.”

அந்த ஓமை நம்பித்தான் போனாள். கெட்டிக்காரிக்கும் ஒரு இடத்தில் புத்தி மட்டு.

கட்விக் விமான நிலையத்தில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும்போது கம்சிகா, “பெரியப்பா, முதல்ல எங்கை போறம்?” என்றாள். அவ்வளவுதான், மனுசன் நின்ற இடத்தில் நின்றார். வெளிக்கிட்டுப் போகிறவனை எங்கே என்று கேட்கலாமா? பின்னால் கூப்பிடலாமா? தும்மலாமா? சகுனம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? பெட்டியைக் கீழே வைத்து, தண்ணீர் குடித்து, திரும்ப வெளிக்கிட்டார். பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரன் அவருடைய பெட்டியில் தடக்குப்பட்டு விழப்பார்த்தான். கலாவதி பின்னால் நின்று நெற்றியில் கைவைத்தாள்.

வான் ஓடத் தொடங்கியது. ரோட்டில் புதுப்பக்கம், கையில் புதுக் கியர், வேதவல்லிக்கு அரைநாளில் கைவந்துவிட்டது. பின் சீட்டில் ரைஸ் குக்கர், இடிச்ச சம்பல் போத்தல், பருத்தித்துறை வடைப் பைகள். மலைப்பாதையில் கலாவதி ஒரு பைக்குள் சத்தி எடுத்தாள். யனுஷன் போனைப் பார்த்து வலம், இடம் என்றான். இவள் கண்ணாடியைப் பார்த்து ஓட்டினாள். பாலைவனத்துக்கு வந்தார்கள். அங்கே ஒரு கூடார ஹொட்டல். வாமதேவன் நீலத் தலைப்பாகை கட்டி, ஒட்டகத்தில் ஏறி, கோயில் கமிட்டி குறூப்புக்குப் படம் அனுப்பினார். “சித்தி, நீங்களும் ஏறுங்கோ” என்றான் யனுஷன். வேதவல்லி வானின் நிழலில் நின்று அந்த மணலைப் பார்த்தாள். இந்த மணலோ, இதற்கப்பால் கிடக்கிற மணலோ, எதற்குள்ளாலோதான் குகதாசன் மூச்சை அடக்கிக்கொண்டு வந்தான். போனில் ஒருநாள், “வாய்க்குள்ள, காதுக்குள்ள எல்லாம் மண், சோத்தைக் கடிச்சாலும் மண்” என்றவன். இங்கே இவர்கள் செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டிவிட்டு, “வாவ், என்ன சொஃப்ட்” என்கிறார்கள். ஒட்டகத்தின் மூக்குக் கயிற்றைப் பிடித்து இழுத்து அத்தானைக் கீழே உருட்டிவிடலாமா என்று அவளுக்கு ஒருகணம் தோன்றியது. நாடோர் இருக்கிறது, பொறு மனமே என்று அடக்கினாள்.

ஃபெஸ்ஸில் இரண்டு இரவு தங்கினார்கள். வெளிக்கிடுகிற காலையில், வான் பட்டினத்தைத் தாண்டிப் பெரிய ரோட்டுக்கு வருகிற நேரம், வாமதேவன் முன் சீட்டில் சாய்ந்து இருந்துகொண்டு சொன்னார்.

“இண்டைக்கு நேர நீலப் பட்டினம். ஹொட்டல் புக் பண்ணியாச்சு.”

“நாடோர்?” என்றாள் வேதவல்லி.

“அது எங்கேயோ மூலையில கிடக்கு வேதா. வீணான ஓட்டம். அங்க போய் என்னத்தைப் பாக்கிறது? அடுத்தமுறை வந்தால் பாப்பம்.”

அவள் கியரை மாற்றினாள். பஸ் ஓட்டும்போது பயணியோடு வாய் கொடுக்கக் கூடாது என்பது அவளுடைய பழக்கம். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட மனுசன், வாயைச் சும்மா வைத்திருக்காமல் அடுத்ததையும் அவிழ்த்துவிட்டார்.

“மற்றது, கம்சிகாவின்ர கலியாணக் கார்ட் அடிக்கக் குடுத்தாச்சு. ‘அமரர் குகதாசன்’ எண்டு போடச் சொல்லிப்போட்டன். மாப்பிள்ளை மிதுலன்ர வீட்டுக்காரரும் கேட்டவை, ஐயரும் கேட்டவர், எத்தினை நாளைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது? தாரை வாக்கிறது நானும் கலாவும். எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு.”

பின்னால் கம்சிகா, “என்ன? அம்மா, உங்களிட்டக் கேட்டவையா?” என்று எழும்பினாள்.

கேட்டீர்களா கூத்தை! இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக ஒருத்தி உயிரைப் பிடித்துக்கொண்டு ஒரு பொட்டைச் சுமக்கிறாள். அதை அழிப்பதா வைப்பதா என்று அவளே இன்னும் முடிவு கட்டவில்லை. இந்த மனுசன் ஒரு கார்ட் அடிக்கிற கடைக்காரனிடம் போனில் சொல்லி முடித்துவிட்டார். புருசனையும் சாகடித்து, அவளையும் கைம்பெண்ணாக்கி, மகளையும் தானே தாரை வார்க்க ஒழுங்கும் பண்ணி, அதை முன் சீட்டில் இருந்து, ஹொட்டல் புக் பண்ணியாச்சு என்ற அதே குரலில் சொல்கிறார்.

ரோட்டில் ஒரு பெரிய சுற்றுவட்டம் வந்தது. நீலப் பட்டினத்துக்கு ஒரு பக்கம். கிழக்கே போகிற பெருந்தெரு மற்றப் பக்கம். வேதவல்லி இண்டிகேற்றரைப் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள், வானைக் கிழக்கே திருப்பினாள். பத்துப் பதினைந்து நிமிசம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு யனுஷன் போனைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சித்தி, நாங்கள் பிழையான ரோட்டில போறம்” என்றான்.

வாமதேவன் நிமிர்ந்தார். “வேதா, எங்கை போறாய்?”

“வெளிக்கிட்ட பிறகு எங்கை எண்டு கேக்கக் கூடாது அத்தான். சகுனம் பிழைச்சுப் போகும்.”

“பகிடி விடாதை. திருப்பு வானை!”

“ஏலாது.”

“ஹொட்டல் காத்துக்கொண்டிருக்கும்!”

“நான் காத்துக்கொண்டிருந்ததை விடவோ?”

“நிப்பாட்டு, நான் இறங்கிறன்!”

அவள் உடனே ஓரத்தில் நிறுத்தினாள். கதவுப் பூட்டைத் திறந்தாள். வெளியே வெயில், ஒலிவ் மரங்கள், ஒரு கழுதை, வேறொன்றும் இல்லை. “இறங்குங்கோ. நான் ஆரையும் கட்டி வைக்கேல்லை. இறங்கினால் நடந்துதான் வரவேணும்.” மனுசன் கழுதையைப் பார்த்தார், கழுதை மனுசனைப் பார்த்தது. கதவு திரும்பச் சாத்தப்பட்டது. பிறகு பாதி மொரோக்கோ அகலத்துக்கு அந்த வானுக்குள் சத்தம் ஓயவில்லை. திமிர் என்றார், வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்றார், உன்னைத் தூக்கி விட்டது ஆர் என்றார். வேதவல்லி ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். பிறகு வறண்ட மலைகள் வந்தன, வான் பெருந்தெருவை விட்டு வடக்கே திரும்பியது, வாமதேவனும் களைத்துப் போனார். கலாவதி மட்டும் பின்னால் சேலைத்தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்குச் சத்தி வருகிறது என்று கம்சிகா ஒரு பையைக் கொடுத்தாள். கலாவதி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

நாடோருக்குப் பின்னேரம் போய்ச் சேர்ந்தார்கள். பெரிய பட்டினம்தான். ஒரு பக்கம் உப்புநீர்க் களப்பு, அதற்கப்பால் ஒரு மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல். தபால் கந்தோர் எங்கே என்று யனுஷன் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் கேட்டுக் கேட்டு வழி சொன்னான். பயம் பிடித்துவிட்டதோ, இரக்கம் பிடித்துவிட்டதோ, அவன் ஹொட்டல் கதையை விட்டுவிட்டான். தபால் கந்தோருக்கு எதிர்ப்பக்கம், கடற்கரைக்கு இறங்குகிற தெருவில், மூலையில் ஒரு கடை இருந்தது. மொபைல் போனுக்கு உறை விற்கிற கடை. சார்ஜர் வயர்கள் குலைகுலையாகத் தொங்கின.

கடையில் இருந்த இளம் ஆள் யனுஷன் கேட்டதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். ஓம், தகப்பனின் காலத்தில் இது போன் கடைதான். அதோ அந்தச் சுவர் நீளத்துக்குக் கண்ணாடிக் கூண்டுகள் இருந்தன. எங்கெங்கேயோ இருந்தெல்லாம் ஆட்கள் வந்து எடுப்பார்கள். தகப்பன் செத்துப் போனார், ஆட்கள் ஒருவரையும் இவனுக்குத் தெரியாது. அவ்வளவுதான் அவனிடம் இருந்தது. வேதவல்லி அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். புதுப் பெயின்ற் அடித்திருந்தார்கள்.

பிறகு திரும்பினாள்.

“அத்தான், இதில வந்து நில்லுங்கோ.”

“என்ன விளையாட்டு இது?”

“இதில நிண்டுதான் அந்த மனுசன் கடைசியாய்க் கதைச்சது. மற்றப் பக்கத்தில நிண்டது நீங்கள். இதில நிண்டு சொல்லுங்கோ. என்ன சொன்னவர்?”

“எத்தினை தரம் சொல்லுறது? சுகமாய் இருக்கிறன் எண்டவன். லைன்…”

“சொல்லுங்கோவன்!”

அது வேதவல்லி இல்லை. கலாவதி. வாழ்க்கையில் ஒருநாளும் புருசனை மறித்துப் பேசாத கலாவதி, கடை வாசலில் நின்று கத்தினாள். “இனியாவது சொல்லுங்கோ! நான் குசினியில நிண்டனான். எனக்குக் கேட்டது. எனக்கு நெஞ்சு வெடிக்கிற மாதிரிக் கிடக்கு. இனியும் என்னால இதைக் காவிக்கொண்டு திரிய ஏலாது!”

வாமதேவன் தலைப்பாகை இல்லாத தலையைத் தடவினார். கடைக்காரன் ஒன்றும் விளங்காமல் ஒரு ஸ்டூலை எடுத்து அவருக்குப் பக்கத்தில் வைத்தான். அவர் இருக்கவில்லை.

“அவனுக்கு ஏற மனமில்லை,” என்றார். “கடல் பிழையாய்க் கிடக்கு, போட்டும் சின்னன், எல்லாரும் ஏறச் சொல்லி நெருக்கினம் எண்டவன். பிள்ளை பிறந்தது சொன்னன். அழுதவன். பிள்ளையின்ர சத்தத்தை ஒருக்கா கேக்க விடுங்கோ அண்ணை, கேட்டுப்போட்டு என்ன செய்யிறது எண்டு யோசிக்கிறன் எண்டவன்.”

“பிறகு?”

“மேல பிள்ளை அழுதுகொண்டிருந்தது. வீரிட்டுக் கத்துது. கடல் ஏறப்போறவன்… வெளிக்கிடுற நேரத்தில அழுகைச் சத்தம் கேக்கக் கூடாது. நான் ஹோல் கதவைக் காலால தள்ளிச் சாத்தினன். பிள்ளை நித்திரை, வந்து நேரில கேள், யோசிக்காமல் ஏறு எண்டு சொன்னன். நல்லதுக்குத்தான் சொன்னன் வேதா. அவன்ர மனம் தளரக் கூடாது எண்டு…”

கம்சிகாதான் முதலில் கேட்டாள். அவளுடைய தமிழ் பெரியவர்களோடு கதைக்க மட்டும் வருகிற லண்டன் தமிழ்.

“அழுதது நானா, பெரியப்பா? நான் அழுதன் எண்டதுக்காகவா கதவைச் சாத்தினீங்க?”

அவர் தொங்குகிற சார்ஜர் வயர்களைப் பார்த்தார்.

வேதவல்லி கையோங்குவாள் என்று யனுஷன் பயந்து நடுவே வந்தான். அவள் ஓங்கவில்லை. ஆனால் அவளுடைய குரல் தபால் கந்தோர் வரை கேட்டது. தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

“சகுனம்! பிறந்து கண் முழிச்ச பச்சைமண் பாலுக்கு அழுதது உங்களுக்குச் சகுனம்! பெத்த தேப்பன் கேட்ட ஒரே ஒரு சத்தம். அதைக் குடுக்கக் கதவு ஒண்டு தடையாய் வந்திட்டுது. மேல நான் இருந்தனான்! படியால இறங்கி வந்து ரிசீவரைப் பிடுங்கி, ஏறாதேங்கோ எண்டு சொல்லியிருப்பன். அது தெரிஞ்சுதான் கூப்பிடேல்லை! பிறகு படியேறி வந்து, முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள வைச்சு, சந்தோசப்பட்டவன் எண்டு எனக்கே தீத்தினீங்கள். இருபத்தஞ்சு வருசம் அந்தச் சோத்தைத் திண்டிருக்கிறன் நான்! அதுக்கும் மேல இண்டைக்கு என்ர மனுசனுக்கு அமரர் எண்டு நீங்கள் பேர் வைக்கிறீங்கள், என்ன?”

“வேதா, ரோட்டில சனம் பாக்குது…”

“பாக்கட்டும்! இன்னுமொண்டு கேட்டு வையுங்கோ. என்ர பிள்ளையை நான் தாரை வாப்பன். ஒத்தையாய் நிண்டு வாப்பன். இந்தப் பொட்டோட வாப்பன். ஐயர் ஏலாது எண்டால் ஏலும் எண்டுற ஐயரைக் கொண்டு வருவன். நீங்கள் மண்டபத்துக்கு வாறதெண்டால் வாங்கோ, வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ. மணவறைப் பக்கம் காலெடுத்து வைச்சால் நான் பஸ்காரி எண்டதை மறந்திடுவன்.”

சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்தாள். வானில் ஏற்றினாள். மற்றவர்கள் தாங்களாகவே ஓடிவந்து ஏறினார்கள். வாமதேவனுக்கு முன் சீட் கிடைக்கவில்லை. அதில் கலாவதி ஏறி, பெல்ட்டையும் போட்டுவிட்டாள். அவர் பின்னால் ரைஸ் குக்கரோடு இருந்தார்.

களப்பைச் சுற்றி, அந்த மணல்திட்டுக்குப் போகிற ரோட்டைப் பிடித்து, முடிகிற இடம்வரை ஓட்டினாள். அங்கே கடல். காற்று அடித்தது. அலை கரைக்கு வந்து மண்ணை அடித்துப் போனது. இரண்டு மீன்பிடிப் போட்டுகளை இழுத்துக் கரையில் போட்டிருந்தார்கள். நீலம், பச்சை. சின்னன்கள்தான். எத்தனை பேரைத்தான் இதற்குள் ஏற்றினார்களோ!

வேதவல்லி செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினாள். கம்சிகா பக்கத்தில் நின்றாள். தாய் அழுவாள் என்று பார்த்தாள். தாய் அழவில்லை, பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“கம்சி, சத்தம் குடு.”

“என்ன சொல்லுறது அம்மா?”

“என்னத்தையெண்டாலும். அண்டைக்குக் கேட்டவர்தானே. குடு.”

கம்சிகா தொண்டையைச் செருமினாள். அவள் வாழ்நாளில் ஒருவரையும் அந்தச் சொல்லால் கூப்பிட்டதில்லை. பெரியப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள், மிதுலனின் தகப்பனை மாமா என்று கூப்பிடப் பழகுகிறாள். முதலில் மெல்ல வந்தது, காற்று கொண்டுபோய்விட்டது. வேதவல்லி அவளுடைய முதுகில் ஒரு அடி வைத்தாள். “காணாது. பிறந்த நேரம் ஊரைக் கூட்டினனீ. எங்கை அந்தத் தொண்டை?”

“அப்பா!” என்று கத்தினாள் கம்சிகா. “அப்பா!” திரும்பவும் கத்தினாள். மூன்றாம் தரம் அது கூப்பாடாக இல்லை, வீரிட்ட அழுகையாக வந்தது, நிறுத்த முடியாமல் வந்தது. போட்டுக்குப் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள் எழுந்து நின்றார்கள். வானுக்குள் கலாவதி ஜன்னலை இறக்கினாள். பின்னால் வாமதேவன் அதை ஏற்றச் சொல்லிக் கைகாட்டினார். அவள் ஏற்றவில்லை.

மகள் அழுது ஓய்ந்து, மூக்கைச் சீறித் துடைக்கும்வரை வேதவல்லி நின்றாள். பிறகு வானுக்கு நடந்து வந்து, பின் கதவை இழுத்துத் திறந்தாள்.

“கார்ட் கடைக்கு நான் சொல்லுறன். அமரர் எண்டே போடட்டும். அதை நான் சொல்லுறன், நீங்கள் இல்லை,” என்றாள். “இப்ப கேட்டனீங்கள்தானே அத்தான்? இந்தச் சத்தம் அண்டைக்குக் கேட்டிருந்தால், மனுசன் போட்டில ஏறியிருக்காது.”